மைக்கில் கேட்ட கேள்வி

அந்த மெஷினை எங்கள் கம்பெனிக்குக் கொண்டுவந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பல்லடம் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினான்கு வருடமாக நான் ஓவர்லாக் டெய்லர். தொழிலாளர்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று எங்கள் துணியை வாங்குகிற வெளிநாட்டு பையருக்குப் போட்டோ அனுப்ப வேண்டும். அதற்காகச் சாப்பாட்டு ஹாலில் முகாம் வைத்தார்கள். எடை பார்க்கிற மெஷின் மாதிரிதான், கூடவே இரண்டு கைப்பிடி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பிடித்துக்கொண்டு நின்றால், உடம்புக்குள் லேசாகக் கரண்ட் ஓடி, கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று தாளில் அடித்துக் கொடுக்கும்.

எனக்கு வயது நாற்பத்திரண்டு. உடம்பின் வயது ஐம்பத்தாறு என்று வந்தது. அதை ஹெச்.ஆர். அதிகாரி மைக்கைப் பிடித்து வாசித்தார். "அக்கா, தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார். ஹாலே சிரித்தது. பாத்ரூம் போகக்கூட டோக்கன் வாங்க வைத்து, நாள் முழுக்க எங்களை ஸ்டூலில் உட்கார வைத்தவர்கள் நடக்கச் சொல்கிறார்கள். அப்போதே திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எனக்கு அடுத்து நின்றது, தைத்த பீஸில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் டேபிள் அக்கா. ஊத்துக்குளியிலிருந்து என்னோடு ஒரே வேனில் வருகிறவர். வரிசையிலிருந்து நழுவப் பார்த்தார்.

"எனக்கு வேண்டாங் கண்ணு. உடு."

"அட, வாங்க்கா. எனக்கு வந்த வயச விடவா உங்களுக்கு வந்துரப்போகுது?" என்று கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்தது நான்தான்.

அவர் தயங்குவதைப் பார்த்த அதிகாரி, மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "ஏனுங்க்கா பயப்படறீங்க? கர்ப்பமா இருக்கறவங்க, இதயத்துல பேஸ்மேக்கர் வெச்சவங்கதான் ஏறக்கூடாது. உங்களுக்கு அதெல்லாம் இல்லீங்களே?"

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். "வெச்சிருக்கறனுங் சார்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மைக் அதை ஹால் முழுக்கச் சொல்லிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி ஒரு மாதம் லீவில் இருந்தார். அது பேஸ்மேக்கர் வைத்த ஆபரேஷன் என்று, ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து வந்த எனக்கே தெரியாது. இதய நோயாளி என்றால் கம்பெனியில் வைத்துக்கொள்வார்களா என்று பயந்து, வேலை செய்யலாம் என்று டாக்டர் கொடுத்த கடிதத்தைக்கூட வெளியே காட்டாமல் மறைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் வேனில்தான் சொன்னார்.

பயந்தது சரிதான். மறுநாள் காலை வாட்ச்மேன் அவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். மேலே இருந்து உத்தரவாம்.

நான் நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போய் அந்த அதிகாரியிடம் ஏனென்று கேட்டேன்.

"அவங்க நல்லதுக்குத்தாங்க்கா. ஏதாச்சும் ஆனா கம்பெனிக்கு ரிஸ்க்."

"ரெண்டு வருசமா நெஞ்சுல அந்த பேஸ்மேக்கர வெச்சுக்கிட்டுத்தான சார் உங்க பீஸையெல்லாம் பாத்துப் பாத்துக் குடுத்தாங்க? அப்ப ரிஸ்க் இல்லீங்களா? டாக்டரே வேலை செய்யலாம்னு எழுதிக் குடுத்திருக்காருங்க. அத வாங்கிப் பாத்தீங்களா? ஊரே கேக்க மைக்குல கேட்டதும் அவங்க நல்லதுக்குத்தானுங்களா?"

"கத்தாதீங்க்கா" என்றார்.

லைனுக்கு வந்து என் மெஷினை அணைத்தேன். பக்கத்தில் இருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளும் அணைத்தாள். பத்து நிமிடத்தில் லைன் முழுக்கச் சத்தம் நின்றுபோனது. பீகாரிலிருந்து வந்த பெண்களுக்குப் பாதி புரிந்ததோ என்னவோ, அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த நாளே சரக்கு கப்பலுக்குப் போக வேண்டிய ஷிப்மென்ட். புரொடக்‌ஷன் மேனேஜர் ஓடி வந்தார், எங்களைத் திட்டினார், பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டாக்டர் கடிதத்தோடு வரச் சொல்லி மதியத்துக்குள் அக்காவுக்குத் தகவல் போனது.

அதற்கு இரண்டாம் நாள் அவர் வேலைக்கு வந்தார். இந்த வருடம் முகாம் மறுபடியும் வந்தபோது எங்கள் லைனிலிருந்து ஒருத்தி கூடப் போகவில்லை.

ஆனால் வேனில் அக்கா என் பக்கத்தில் உட்காருவதில்லை. ஒரு நாள் நானே எழுந்து போய் அவர் அருகில் உட்கார்ந்தேன்.

"எம்மேல கோவமாங்க்கா?"

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "சண்டை போட்டு வேலைய வாங்கிக் குடுத்த. இல்லைன்னு சொல்லல. ஆனா இப்ப நான் தும்முனாக்கூட எல்லாரும் தைக்கறத உட்டுட்டு என்னையவே பாக்கறாங்க கண்ணு."