வனஜாவின் கால் ராசி

நீலசந்திராவில் முதுகு பிடித்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் அந்தக் காலத்தில் பைத்தியக்காரன். நேரே வனஜாவிடம்தான் போவார்கள். அவள் தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் காலை நீட்டிப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் எப்பேர்ப்பட்ட பிடிப்பும் விட்டுவிடும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. குடம் தூக்கிய பெண்கள், மூட்டை தூக்கிய ஆம்பிளைகள் எல்லோரும் வந்து குப்புறப் படுப்பார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடு முதுகில் மிதிப்பாள். பிறகு, கால் பட்ட பாவம் போக, குனிந்து அந்த முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "ராசியான காலும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவளுக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்வானேன்?

அவள் மிதிக்காத முதுகு ஒன்றே ஒன்று, புருஷன் அசோகனுடையது. "கட்டினவன் மேல காலை வெப்பாங்களா? நரகத்துக்குப் போறதுக்கா?" என்பாள். அசோகன் பூச்சு வேலைக்காரன். முதுகெலும்பு உள்ள ஆள் என்று வேலையிடத்தில் பேர். மேஸ்திரி யாரையாவது வாடா போடா என்றால் எதிர்த்துக் கேட்பவன் அவன் ஒருத்தன்தான். அந்தக் கடுப்பில் உயரத்து வேலையாகப் பார்த்து அவன் தலையில் கட்டுவார்கள்.

வைட்ஃபீல்டில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த 1998இல், ஒரு மத்தியானம் சாரத்தின் கயிறு அவிழ்ந்து அசோகன் மணல் குவியலில் மல்லாக்க விழுந்தான். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். ஜல்லி லாரியில் ஏறி வந்து, தெருமுனையிலிருந்து நடந்தே வீட்டுக்குள் வந்தான்.

"முதுகு புடிச்சிக்கிச்சு வனஜா. மிதிச்சு வுடு."

"வேணாம்யா, பாவம்."

"ஊருக்கெல்லாம் மிதிக்கிற, எனக்குன்னா பாவமா? உயிர் போவுதுடி."

அவன் கண்ணில் தண்ணீரை அவள் அதுவரை பார்த்ததில்லை. மனசு கேட்கவில்லை. முதலிலேயே அவன் முதுகைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் காலை வைத்தாள். உள்ளே என்னவோ நழுவியது பாதத்துக்குத் தெரிந்தது. எந்திரிய்யா என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை.

"என் கால் எங்கடி?" என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மீனின் நடுமுள் மாதிரி இருந்தது. ஒரு கணு மட்டும் வரிசையை விட்டு விலகியிருந்தது.

"விழுந்ததுல எலும்பு உடைஞ்சிருக்கு. அசைக்காம கொண்டு வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம். யாராவது முதுகை அமுக்கினீங்களா?"

வனஜா வாயைத் திறப்பதற்குள் அசோகன் முந்திக்கொண்டான். "இல்ல சார். விழுந்தப்பவே காலு போயிடுச்சு."

மிதிப்பதை அன்றோடு விட்டாள். அவன் சுவரில் சாய்ந்து ஊதுபத்தி உருட்டினான். அவள் வைட்ஃபீல்டு அடுக்குமாடிகளில் கூட்டித் துடைக்கப் போனாள். "குடும்பத்துக்கே நீதாம்மா முதுகெலும்பு" என்று யாராவது பாராட்டினால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். பாராட்ட வேறு வார்த்தையா கிடைக்கவில்லை இந்தப் பாவிகளுக்கு!

வருஷங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி சந்திரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஸ்வல்பம் மிதிச்சு வுடும்மா, சாவுறேன்."

"முடியாதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"மிதியேன் வனஜா. ராசியான காலு" என்றான் அசோகன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

சந்திரம்மா முனகிக்கொண்டே போனதும் வனஜா வெடித்தாள். "ராசியாம் ராசி! டாக்டர்கிட்ட ஏன்யா பொய் சொன்ன? நீ நடந்து வந்த. நான்தான் மிதிச்சேன். ஒரு நாளாச்சும் என்னைத் திட்டித் தொலையேன்யா!"

அவன் கை பத்தியை உருட்டுவதை நிறுத்தவில்லை. "மிதின்னு சொன்னது நானு. உன்னைத் திட்டினா காலு வந்துடுமா?" உருட்டிய பத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, "முதுகு அரிக்குது, சொறிஞ்சு வுடு" என்றான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் பின்னால் போய் உட்கார்ந்தாள். தோளுக்குக் கீழே சொறிந்தபோது "ம்... அங்கதான்" என்றான். கை இன்னும் கீழே இறங்கியது. அதற்குக் கீழே தொட்டாலும் அவனுக்குத் தெரியாது. தான் மிதித்த இடத்தை மெல்லத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றான் அசோகன்.