ரைட் அக்காவின் களைப்பு

பஸ் டிப்போவில் அவளை எல்லாரும் 'ரைட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் போடும் ஒரு 'ரைட்'டில் வண்டி தானாகவே கிளம்பிவிடும் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட கண்டக்டர்.

ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, களைப்பு விடவில்லை. தலை வாரினால் கை ஓய்ந்துபோகும். தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்டது மாதிரி இருக்கும்.

ரத்தம், ஸ்கேன் எதிலும் கோளாறு தெரியவில்லை. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் கணவனுக்கு நிம்மதி. "அதான் ஒண்ணுமில்லேன்னு வந்திருச்சுல்ல? எந்திரிச்சு நடமாடு, சரியாயிரும்." அவன் தங்கை அவன் காதில் ஓதியது வேறு: "அண்ணிக்கு உடம்பு வணங்கலண்ணே, வேறென்ன?"

மனநல டாக்டர் வீட்டுக் கதையெல்லாம் கேட்டார். "முடியலன்னு வாய்விட்டுச் சொல்லப் பொம்பளைங்கள இந்தச் சமூகம் விடறதில்ல. அதான் உடம்பு சொல்லுது" என்றவர், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொன்னார். ரோஷக்காரி, சொன்னதற்கு மேலேயே நடந்தாள். நடந்து நடந்து ஒரேயடியாகப் படுத்தாள்.

நரம்பு டாக்டர் கொதித்தார். "காய்ச்சல் விட்டுட்டுப் போன கோளாறும்மா இது. உங்கள நடக்க வெச்சதே தப்பு." அவரிடமும் மருந்து இல்லை.

மருத்துவமனையில் மற்ற டாக்டர்களைக் கூட்டிக் கூட்டம் போட்டு, அவளை மேடையில் உட்கார வைத்துக்கொண்டு இருவரும் வாதாடினார்கள். விளக்கு கண்ணைக் குத்தியது. "கொஞ்சம் படுத்துக்கட்டுமா?" என்று அவள் கேட்டது யார் காதிலும் விழவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

"பாத்தீங்களா, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்றார் நரம்பு டாக்டர்.

"இத்தனை பேர் பாக்கறப்ப விழறாங்க. அதையும் கவனிங்க" என்றார் மற்றவர்.

கடைசி வரிசையிலிருந்து கணவன்தான் ஓடிவந்து தூக்கினான். அவள் கை துணி மாதிரி தொங்கியது. அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

"அவங்க பேசி முடிச்சாச்சா?" என்றாள்.

"அவங்க எங்க முடிக்கப்போறாங்க? வா, போலாம்."

டிப்போ நிர்வாகத்துக்கு அந்தச் சண்டை வசதியாகப் போயிற்று. டாக்டர்களுக்கே நோய் என்னவென்று தெரியவில்லையாம்; வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

போன மாதம் நாத்தனார் வந்திருந்தாள். "முகம் தெளிவாத்தான் இருக்கு அண்ணி. மனசு வெச்சா எந்திரிச்சிரலாம்."

"ஆமாம்மா, இப்பப் பரவால்ல" என்றாள் இவள்.

அவள் போனதும் கணவன் பொரிந்தான். "ஏன் பொய் சொன்ன?"

"உண்மையச் சொன்னா அவளுக்குப் புரிய வைக்கணும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "அதுக்குத் தெம்பில்ல."