பேரி மரத்துக்குக் குழி

இலங்கையின் நுவரெலியாவில் நான் இறங்கியபோது காலை ஏழு மணி. குளிர் என்றால் அப்படியொரு குளிர். திருச்சிக்காரனுக்கு அது தண்டனை. நான் பார்க்க வந்தது சமூக வளர்ச்சிக் கொள்கையை ஆராயும் பல்கலைக்கழக மையம் என்பதால் தூண் வைத்த கட்டடத்தைத் தேடி அலைந்தேன். கடைசியில் அது ஒரு மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த ஆய்வாளர் கலைவாணி, இஞ்சி போட்ட பிளேன்டீயை நீட்டியபடி ஒன்றைச் சொன்னார். ஒரு குடும்பம் தன் நிலத்தைத் தன்னுடையது என்று நம்புகிறதா என்பதை வாய்ச்சொல்லைக் கேட்டு அறிய முடியாதாம். என்ன நட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். பிடுங்கிவிடுவார்களோ என்ற பயமிருந்தால் சில மாதத்தில் கைக்கு வரும் லீக்ஸ் மாதிரிக் காய்கறிதான். நம்பிக்கை வந்தால் மரம். அடேயப்பா, இத்தனை நாள் தடித்தடிப் புத்தகங்களை எதற்குப் படித்தோம் என்றிருந்தது எனக்கு.

ஒன்பது மணிக்கு அவரோடு ராகலை பஸ் ஏறினேன். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. மூடுபனி விலகி மலை முழுக்கத் தேயிலை தெரிந்தபோது திறந்த வாய் மூடவில்லை. பக்கத்து இருக்கை அம்மா, "மொத தடவைங்களா?" என்று சிரித்தார்.

ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்துக்கு எதிர்ச் சரிவில், முத்துலட்சுமியின் புது வீடு. கொழுந்து பறிப்பவர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் மண்ணில் தேயிலை நட்ட குடும்பத்துக்கு இதுதான் முதல் நிலம். உறுதிப் பத்திரம் போன வாரம்தான் வந்தது, அவர் பெயரிலேயே. அதுவரை பயந்துகொண்டு ஒரு பேரிக் கன்றை உரப்பையிலேயே வளர்த்திருக்கிறார். வேர் பையைக் கிழித்துவிட்டது. இந்த மழைக்கு மண்ணில் இறங்காவிட்டால் பட்டுப்போகும் என்றார்.

குழி வெட்ட வேண்டிய கணவர் சிவலிங்கத்தைக் காணோம். வெகுநேரம் கழித்து மூச்சு வாங்க வந்தார். எங்கே போயிருந்தார் தெரியுமா? மரம் நட அனுமதி கேட்க, தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கின் வீட்டுக்கு! லயத்து வாசலில் ஒரு செடி வைப்பதானாலும் கண்டாக்கைக் கேட்டே பழக்கம். உன் காணிக்கு என்னை ஏன் கேட்கிறாய் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. கலைவாணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

முத்துலட்சுமி கோபப்படவில்லை. "கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க. காணி என் பேருலதானே இருக்கு."

சிவலிங்கம் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார். தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசும் அதே குரலில், மனைவியிடம் கேட்டார்: "வெட்டட்டுங்களா?"

"வெட்டுங்க. ஆழமா வெட்டுங்க."

அவர் மண்வெட்டியை எடுத்தார்.

மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, காய்க்க எவ்வளவு காலமாகும் என்று கேட்டேன். நட்ட கன்றைச் சுற்றி ஈரமண்ணைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டே முத்துலட்சுமி சொன்னார்:

"அஞ்சாறு வருசம் ஆகட்டுங்களே. நாங்க இங்கதானே இருக்கப் போறோம்."