சன்னலுக்கு வெளியே ஒரு பெருச்சாளி

என் கணவர் சிறுசேரிக்கு ஆபீஸ் வேன் ஓட்டியவர். வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, ஊரப்பாக்கம் வீட்டின் பின்னறைக் கட்டிலோடு அவருடைய நடமாட்டம் முடிந்துபோனது. நானும் சிறுசேரியில்தான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். காலையில் இட்லியும் கஞ்சியும் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினால் திரும்ப ஆறு மணியாகிவிடும். அதுவரை தனியாகவே கிடப்பார்.

ஒரு நாள் நான் உள்ளே நுழைந்ததும், "நம்ம வூட்டுக்கு ஆளு வந்துகீது," என்றார்.

"இன்னா ஆளு?"

"பெருச்சாளி. செவுத்தோரம் வளை தோண்டிகினு கீது. பூனை சைசு."

மறுநாளிலிருந்து இட்லியில் பாதி சன்னல் கம்பி வழியே வெளியே போனது. அது எப்போது தலை நீட்டியது, மண்ணை எப்படிப் பின்னங்காலால் தள்ளியது என்று ஒன்று விடாமல் சொல்வார். கீமோ ஏற்றிய வாரங்களில் பேசவே தெம்பில்லாதவர், அதைப் பற்றி மட்டும் பேசினார்.

வளை தோண்டத் தோண்டப் பின்வாசல் படி ஒரு பக்கமாக இறங்கியது. அதைக்கூட விட்டிருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரியில் நான் பெருச்சாளியைப் பற்றிச் சொன்னதும், டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எலி நடமாட்டம் கிட்டயே இருக்கக் கூடாதும்மா. எலிக் காய்ச்சல் வந்தா இவர் உடம்பு தாங்காது," என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், "மருந்து வெச்சிடலாம்," என்றேன்.

"வேணாம். வயல மேடாக்கி பிளாட்டு போட்டு, நாமதான் அது எடத்துல வந்து குந்திகினோம். அது எங்க போவும்?"

"எங்கனா போவட்டும். எனக்கு நீ வேணும்."



ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தூங்கும்போது விஷக் கட்டிகளை வளைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டேன். புதன்கிழமை, "ஆளக் காணோமே," என்றார். "வேற எடம் பாத்துகினு போயிருக்கும்," என்றேன்.

வெள்ளிக்கிழமை நாற்றம் கிளம்பியது. கடப்பாரையால் தோண்டினேன். தாய் சுருண்டு கிடந்தது. அதன் வயிற்றை ஒட்டிக் கண் திறக்காத குட்டிகள், அவையும் செத்து. நிமிர்ந்தேன். அவர் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி?"

"நாலு."

கம்பியை விட்டுத் தலையணையில் சாய்ந்தார். பிறகு, "எனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான பண்ண. அழாத," என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. எலிக் காய்ச்சல் வரவில்லை. நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. நான் செய்தது தப்பு என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த இரண்டு மாதமும், நான் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க அவர் எதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை.