ஈரக் கைக்கு எடுபடாத போன்

இன்னாசித்தம்பி அண்ணைக்குப் போன் வாங்கப் போன அன்று நானும் கூடப் போனேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாரந்தனையில் எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்த வளவு அவர்களுடையது. அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயது. பதின்மூன்று வயதில் தகப்பனோடு கடலில் இறங்கியவர். இடம்பெயர்ந்து எங்கெல்லாமோ அலைந்து திரும்பி வந்து, ஒரு சின்னப் படகில் தனியாக நண்டு வலை விடுகிறார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று எமிலி அக்கா பகிடி பண்ணுவா. எமிலி அக்கா அவருடைய மனைவி. ஒரே மகள் ஜெயந்தா பிரான்சில் இருக்கிறாள்.

ஏழு வருடமாக அண்ணையிடம் இருந்தது ஒரு பட்டன் போன். கடலுக்குப் போகும்போது, எங்கள் ஊர் ஆட்கள் எல்லாரும் செய்வதுபோல, அதைப் பொலித்தீன் பையில் போட்டு றப்பர் வளையத்தால் இறுக்கிக் கழுத்தில் கட்டிக்கொள்வார். பைக்கு மேலாலேயே ஒன்றாம் பட்டனை அமர்த்திப் பிடித்தால் எமிலி அக்காவுக்கு அடிக்கும். "வாறன், உலையை வை" என்பார். அவ்வளவுதான்.

அது செத்துப்போனது. ஜெயந்தா காசு அனுப்பினாள். யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போனோம். "என்ன தேவைக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். நல்ல மனிதர், சரியான கேள்வியைத்தான் கேட்டார். அண்ணை வாய் திறப்பதற்குள் எமிலி அக்கா முந்திக்கொண்டா.

"பேரப்பிள்ளையைப் பெரிசாப் பாக்கவேணும்."

"கமராவும் நல்லதா இருக்கட்டும்" என்றேன் நான். என்னை யார் கேட்டது?

அண்ணை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஒரு பட்டன் போனைக் காட்டி, "எனக்கு உது காணும்" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே? ஆரும் இப்ப உதைக் கொண்டு திரியினமே?" என்றா அக்கா.

நான் சிரித்தேன். அந்தப் பட்டன் போனையும் சேர்த்து வாங்கக் கையில் காசு இருந்தது. புத்திதான் இருக்கவில்லை.

பெரிய போனைக் கையில் கொடுத்தார்கள். குளிரூட்டிய கடை, காய்ந்த விரல், திரை வழுக்கிக்கொண்டு ஓடியது. தண்ணீர் பட்டாலும் பழுதாகாது என்றார் கடைக்காரர். அதுவும் உண்மைதான், இன்றுவரை அந்தக் கோதாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரக் கைக்கு எடுபடுமா என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்த மூன்று பேர்!

கார்த்திகை மாதம் அது நடந்தது. அதற்கு முதல்நாள் பின்னேரம் எமிலி அக்கா ஒரு மணித்தியாலம் பேரப்பிள்ளையோடு அந்தப் போனில் கொஞ்சிக்கொண்டிருந்தா. பிறகு கரண்ட் போய்விட்டது. அரைக்கும் குறைந்த சார்ச்சோடுதான் விடியப்புறம் அண்ணை அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்.

பத்து மணிக்கு முன் வந்துவிடுகிறவர் பதினொன்றாகியும் வரவில்லை. வாடைக்காற்று தூக்கியடிக்க, மழை முகத்தில் அறைந்தது. எமிலி அக்கா தன்னுடைய சின்னப் போனில் அடித்தா. மணி போனது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தா. எடுக்கவில்லை.

"போன் அடிக்குதெண்டால் ஆள் இருக்கிறார்தானே? விடாமல் அடியுங்கோ அக்கா" என்று சொன்னவள் நான்தான்.

இரண்டு படகுகள் தேடப் போய், அலைக்கு நிற்க முடியாமல் திரும்பி வந்தன. எமிலி அக்கா கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அடித்தா. மழையில் போன் நனையாமல் நான் குடையைப் பிடித்தேன். ஒவ்வொரு தரமும் மணி முழுக்கப் போய் முடிந்தது. "இஞ்சேருங்கோ, எடுங்கோவன், ஒருக்கா எடுங்கோவன்" என்று போனுக்குச் சொல்லிச் சொல்லி அவவின் தொண்டை கட்டிவிட்டது. இரண்டு மணிக்கு மணி போகவில்லை. தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் சொன்னது.

"சேசு மரி சூசை!" என்று கத்தியபடி அக்கா கரையேறி மணலில் விழுந்தா. "அந்தோனியாரே, எத்தினை செவ்வாய்க்கிழமை வந்து முழந்தாளில நிண்டனான்! உமக்குக் கண் தெரியேல்லையே?" அவவைத் தூக்கி நிறுத்த என்னால் ஏலவில்லை. நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

பொழுதுபடுகிற நேரம் நெடுந்தீவிலிருந்து யாரோ ஒருவர் அழைத்தார். ஆள் உயிரோடு இருக்கிறார், படகு கல்லில் அடித்து உடைந்துவிட்டது, காலும் முறிந்துவிட்டது என்றார். எமிலி அக்காவின் இலக்கத்தை அண்ணைதான் பாடமாகச் சொன்னாராம்.

மறுநாள் குறிகட்டுவானில் படகேறிப் போனோம். அண்ணை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உப்புப் பூத்த முகத்தோடு கிடந்தார். தலைமாட்டில் அந்தப் போன் சார்ச்சில் இருந்தது. எமிலி அக்கா அழுது முடித்ததும் கோபம் வந்துவிட்டது.

"மணி போச்சுதே! ஏன் எடுக்கேல்லை?"

"எஞ்சின் நிண்டவுடன உனக்கு அடிக்கப் பாத்தனான். ஏலாமல் போச்சு. கை ஈரம், பை ஈரம், சேட்டும் சாரமும் ஈரம். துடைக்க ஒண்டுமில்லை. பையைக் கழட்டி மூக்காலயும் தேய்ச்சுப் பாத்தனான். அது கேக்கேல்லை. நீ அடிக்கிறது தெரியும். உன்ர பேர் வந்து வந்து நிண்டது."

"பிறகு?"

"மத்தியானத்துக்குப் பிறகு மழை விட்டு, வெயில் எறிச்சது. கையைக் காயவிட்டுப்போட்டு எடுப்பம் எண்டு இருந்தனான். காயுறதுக்குள்ள சார்ச் முடிஞ்சுது."

"சார்ச் ஏன் முடிஞ்சது? பாதியளவு கிடந்ததே!"

நான் எழுந்து போனை எடுத்துப் பார்த்தேன். எமிலி, எமிலி, எமிலி என்று நூற்றுப் பன்னிரண்டு தவறிய அழைப்புகள். அக்கா என் கையிலிருந்து அதைப் பறித்துப் பார்த்தா. நெற்றியில் அடித்துக்கொண்டா.

"நான் அடிச்சு அடிச்சுத்தானே... நானேதானே உங்களை..."

அண்ணை கையை நீட்டி அவவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அழாதை. ஒவ்வொருக்காலும் அடிக்கேக்குள்ள, கரையில நீ நிக்கிறாய் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தனான். அது நிண்டாப் பிறகுதான் எமிலி, எனக்குப் பயம் வந்தது."