நடப்பு வயது

1951 பிப்ரவரியில் ஜனக்கணக்கு எழுத இன்னாசி வாத்தியார் ராயபுரத்துச் சந்துக்குள் வந்தபோது, கெங்கம்மாள் தீப்பெட்டி ஆலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். விரல்களில் காய்ந்த பசையை உரித்தபடியே வாசலுக்கு வந்தாள்.

"இந்த வீட்டுல எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேரு நைனா. நானு, எம்மவன் முனிரத்தினம்."

"உன் வயசு?"

"எம்டன்காரன் குண்டு போட்டப்போ எங்கம்மா என்ன இடுப்புல தூக்கிக்கினு ஓடுச்சாம்."

அடுத்த வீட்டு ஜஹானாரா எட்டிப் பார்த்தாள். "ரேசன் கார்டுக்கு முப்பதுன்னு சொன்னவ வாத்தியாரே, ஏமாந்துடாத!"

"நீ போய் உன் மவளப் பாரு. நெறமாசக்காரி அங்க இன்னா பாடு படறாளோ!"

வாத்தியார் சிரித்துக்கொண்டே, எம்டன் கப்பல் வந்த 1914ஐ வைத்துக் கணக்குப் போட்டு, முப்பத்தெட்டு என்று எழுதினார். "பையனுக்கு?"

"இருபது நடக்குது."

"நடக்கிறது வேணாம்மா. முடிஞ்சதைத்தான் எழுதணும். எத்தனை முடிஞ்சுது?"

கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற பிள்ளையைப் பற்றி 'முடிஞ்சுது' என்று கெங்கம்மாள் எப்படிச் சொல்வாள்?

"நடக்குது நைனா. அப்டியே எழுதிக்கோ."

அவர் வேறு வழியில் வந்தார். "நாப்பத்திரண்டுல ஜப்பான்காரனுக்குப் பயந்து ஊரே காலியாச்சே, அப்போ அவன் எவ்வளவு பெரியவன்?"

"பத்து வயசு. பொன்னேரிக்கு நடந்தே போனோம். என் மூட்டையக்கூட அவன்தான் தூக்கினான்."

வாத்தியார் மனத்துக்குள் கூட்டி, பத்தொன்பது என்றார். "எங்கே அவன்? கூப்பிடு."

"கப்பல்ல கீறான். சமைக்கிற பண்டாரிக்குக் கையாளா. போயி மூணு வருசமாச்சு."

வாத்தியார் பேனாவை மூடினார். இந்த மாதம் ஒன்பதாம் தேதியிலிருந்து மார்ச் ஒன்று விடிகிற வரைக்கும் ஒரு நாளாவது இங்கே தங்கியிருந்தால்தான் எழுதலாம் என்றார்.

"அப்போ அவன் எந்த வூட்டுப் புள்ள?"

"உன் வீட்டுப் பிள்ளைதாம்மா. கணக்குலதான் சேர்க்க முடியாது. மார்ச் முதல்ல மறுபடி வருவேன். அதுக்குள்ள வந்துட்டா எழுதிடறேன்."

மூன்று வருடமாக அவள் காத்திருந்தாள்தான். ஆனால் அந்தக் காத்திருப்புக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டதில்லை. இப்போது நாள் வந்துவிட்டது. அந்தத் தேதி அவனுக்கும் தெரியும் என்றே நம்பத் தொடங்கினாள். ஆலை விட்டதும் வீட்டுக்கு வராமல் துறைமுக வாசலுக்குப் போனாள். பெட்டியும் படுக்கையுமாக வெளியே வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி, "எம்மவனப் பாத்தியாப்பா?" என்று கேட்டாள். ஒருவன் நின்று, "எந்தக் கப்பல்?" என்றான். கப்பலின் பேர் அவளுக்குத் தெரியாது. வீட்டில் அவனுக்கென்று மீன் குழம்பு எடுத்து வைத்தாள். மறுநாள் அதையே தான் சாப்பிட்டாள்.

மார்ச் இரண்டாம் தேதி வாத்தியார் வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

"கடல்ல கீறவன யாரு எழுதுவா நைனா?"

"கப்பல் எந்த ஊர்ல நிக்குதோ, அந்த ஊர்க்காரங்க எழுதுவாங்க."

"தப்பா எழுதுவாங்களே! வேல கெடைக்கணும்னு மூணு வயசு கூட்டிச் சொல்லிட்டுப் போனான். நெசம் எனக்குத்தான் தெரியும். எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு."

வாத்தியார் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே நின்றார்.

"சரி, போ நைனா. ஜஹானாரா வூட்ல பொறந்துகீது. அத எழுது."

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. குழந்தை முந்தாநாள் பிறந்ததாம். வாத்தியார் வயது பூஜ்யம் என்றார்.

"எம்பேத்திக்கு வயசே இல்லியா? இன்னா வாத்தியாரே, பேஜாரு பண்ற!" என்று ஜஹானாரா சண்டைக்குப் போனாள். எல்லாரும் சிரித்தார்கள். கெங்கம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. வாய்க்கு வருமுன்பே அது அழுகையாகிவிட்டது. பிள்ளைபெற்ற வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.