தண்ணீர் பார்க்கிறவர்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள், காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் மாரடித்துக்கொண்டிருந்தேன். வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்களின் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது ஆராய்ச்சி. எங்கள் தெருக் குழாயில் என்ன கலந்திருக்கிறது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

கிரகம் தன் நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது வெளிச்சம் மயிரிழை குறையும். அங்கே நீராவி இருந்தால், நீராவி விழுங்கும் அகச்சிவப்பு அலைநீளத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். அளப்பது விண்வெளியில் மிதக்கும் தொலைநோக்கி. அது அனுப்பியதை பஸ் நிலையத்தருகே பிரவுசிங் சென்டரில் இறக்கி, சி.டி.யில் வீட்டுக்குக் கொண்டுவருவது என் பங்கு.

நான் என்ன செய்கிறேன் என்று அண்டை வீட்டம்மா கேட்டதற்கு, தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் பார்ப்பதென்றால் ஒரே அர்த்தம்தான்: உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்து, போர் போட இடம் சொல்வது. மழை பொய்த்த வருடம். செய்தி பக்கத்துக் கிராமமான முசரவாக்கம் வரை போய்விட்டது.

அங்கிருந்து ஒரு விவசாயி வந்தார். பழைய போர் வற்றிவிட்டது. இன்னும் ஒரு தடவை போடத்தான் திராணி உண்டு. தவறினால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்றார். நான் பார்ப்பது வானத்துத் தண்ணீர் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் அதைவிடப் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மாந்தூரத்துல இருக்குறதே தெரியுது. என் நெலத்துல இருக்குறது தெரியாதா சார்?"

வேறொரு நாள் வந்திருந்தால் அனுப்பியிருப்பேன். அன்று காலைதான் என் வரைபடத்தில் அந்தக் கூடுதல் பள்ளம் விழுந்திருந்தது. நீராவி! கர்வம் தலைக்கேறியவனாய் அவருடைய மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

தேங்காய் எங்கே என்றுதான் முதலில் பார்த்தார். பிறகு என் கண் போகும் இடத்தையெல்லாம் பார்த்தார். வேப்பமரத்தடியில் புல் கொஞ்சம் பச்சையாக இருந்தது. அங்கே வேண்டுமானால் போட்டுப் பாருங்கள் என்றேன். 'வேண்டுமானால்' என்ற சொல் அவர் காதில் விழவில்லை. விழாத குரலில்தான் நானும் சொன்னேன்.

வேப்பமரத்தடியில் போர் போட்ட இரண்டு நாளும் புழுதிதான் புகைந்தது.

அதே மாதம் என் வழிகாட்டிப் பேராசிரியர் என் வரைபடத்தையும் தோண்டினார். தொலைநோக்கியின் பேட்டரிக்கு ஒரு ஹீட்டர் உண்டு. அது எரிந்து அணையும்போதெல்லாம் தொலைநோக்கி இம்மியளவு அசையும். வெளிச்சம் குறைந்ததுபோலத் தோன்றும். நான் கண்டது நீராவி அல்ல, ஹீட்டர். 'நீர் உண்டு' என்றிருந்ததை 'உறுதியில்லை' என்று திருத்தினேன். பட்டம் கொடுத்துவிட்டார்கள். ஆய்வேட்டில் உறுதியில்லை என்று எழுதினால் மரியாதை. வேப்பமரத்தடியில் அதை எழுத இடமில்லை. முசரவாக்கம் வழியாகப் போகும் பஸ்ஸில்கூட நான் ஏறுவதில்லை.

அடுத்த வருடம் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, மனைவியோடு காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்ட காவலாளிக்குச் சீருடை இரண்டு சுற்று பெரிதாக இருந்தது. முகத்தைப் பார்த்தேன். அவரேதான்.

அந்த இடத்தைச் சொன்னது தப்பு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று அங்கேயே நின்று சொன்னேன். ஒரு வருடம் ஒத்திகை பார்த்த வாக்கியம், வரும்போது திக்கியது.

"வுடுங்க சார். நீங்க இன்னா பண்ணுவீங்க," என்றார். "எனக்குக் கெரகம் சரியில்ல."

நான் பட்டம் வாங்கியதே கிரகத்தில்தான். பின்னால் ஒரு கல்யாணக் கூட்டம் வந்து முட்டியது. அவர் கதவைப் பிடித்தபடி, உள்ளே ஏசி போய்விடும், சீக்கிரம் வாருங்கள் என்றார்.